டோக்கியோ ஸ்டோரி (1953): படம் மெதுவா, நாம் எதிர்பார்க்கிற காட்சி அங்கே இல்லையா?

கடைசிரீல் (இழையைத் தொடங்கியவர்)

யசுஜிரோ ஒசுவின் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "நல்ல படம்தான், ஆனா ரொம்ப ஸ்லோ" என்று முடித்துவிடுகிறோம். அந்த "ஸ்லோ" எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த இழை. முடிவு வரை எல்லாவற்றையும் பேசுவோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை சின்னது. ஹிரோஷிமா மாவட்டத்துத் துறைமுக ஊர் ஒனோமிச்சி. அங்கே எழுபதை எட்டிய ஷுகிச்சியும் அவர் மனைவி தோமியும் இருக்கிறார்கள். டோக்கியோவில் மூத்த மகன் கொய்ச்சி புறநகரில் சின்ன கிளினிக் வைத்திருக்கிற டாக்டர். மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். போரில் போன மகன் ஷோஜியின் மனைவி நொரிக்கோ அலுவலக வேலையில் இருக்கிறாள். ஒசாகாவில் ஒரு மகன், கெய்சோ, ரயில்வேயில். வீட்டோடு இருப்பது கடைக்குட்டி கியோக்கோ, பள்ளிக்கூட டீச்சர். கிழவனும் கிழவியும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள், திரும்பி வருகிறார்கள், தோமி இறந்துபோகிறாள்.

படத்தின் நீளம் 136 நிமிடம், ஷாட்டுகள் சுமார் 800. வகுத்துப் பாருங்கள், சராசரியாகப் பத்து வினாடிக்கு ஒரு கட். மெதுவான எடிட்டிங் என்று இதைச் சொல்ல முடியாது. அப்புறம் ஏன் மெதுவாகத் தெரிகிறது?

என் வாதம் இது: மற்ற படங்கள் எதைக் காட்டுமோ அதை ஒசு வெட்டிவிடுகிறார். ஒனோமிச்சியிலிருந்து டோக்கியோ சுமார் 800 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க ரயில். அந்தப் பயணம் படத்தில் இல்லை. மூட்டை கட்டுகிறார்கள், அடுத்து டோக்கியோவின் புகைபோக்கிகள். திரும்பும் ரயிலில் தோமிக்கு உடம்புக்கு முடியாமல் போவதும் இல்லை. ஒசாகா மகன் தன்னோடு வேலை செய்பவரிடம் சொல்லும்போதுதான் நமக்கே தெரிகிறது. உயிர் பிரிகிற நொடியும் இல்லை.

ஆனால் காற்றுத் தலையணையை யார் எடுத்து வைத்தது என்ற பேச்சு இருக்கிறது. விருந்துக்கு இறைச்சி போதுமா, மீனும் வாங்கணுமா என்ற யோசனை இருக்கிறது. தாத்தா பாட்டி வருவதற்காகத் தன் மேசையை நகர்த்திவிட்டார்கள் என்று பேரன் போடும் சண்டை இருக்கிறது. நிகழ்ச்சியைத் தேடும் கண்ணுக்கு இது எல்லாமே "ஒண்ணும் நடக்கல". அந்தக் காற்றுத் தலையணையில்தான் அந்த இரண்டு பேரின் அத்தனை வருஷக் குடித்தனமும் இருக்கிறது. அவர் அவளிடம் கொடுத்தேன் என்கிறார், அவள் என்னிடம் இல்லை என்கிறாள், கடைசியில் அது அவர் பக்கத்திலேயே கிடைக்கிறது. கிடைத்ததும் இரண்டு பேருமே அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

---

பத்துவினாடி

எடிட்டிங் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். எடிட்டர் யோஷியாசு ஹமமுரா. கவனிக்க வேண்டியது மூன்று.

முதலாவது, வசனக் கட். ஒருவர் பேசி முடிக்கிறார், ஒரு சின்ன மூச்சு, கட், அடுத்தவர். பேசுகிறவர் குரலைக் கேட்பவர் முகத்தின்மேல் ஓடவிடுகிற பழக்கம் இந்தப் படத்தில் கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அந்த வரியைச் சொன்னவர் முகம். அதனால் வேகமாக வெட்டினாலும் அவசரம் தெரியாது. நம் எடிட்டிங் டேபிளில் இதைச் செய்து பார்க்கிறவர்கள் வழக்கமாக அந்த மூச்சை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் டிவி சீரியல். மூச்சை இரண்டு மடங்காக்கினால் நடிகர் வசனத்தை மறந்துவிட்டமாதிரி இருக்கும். எல்லா வரிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு மூச்சு விட்டால்தான் அந்தத் தாளம் அமையும்.

இரண்டாவது, ஆளில்லாத ஷாட்டுகள். படத்தில் டிஸால்வ் (ஒரு ஷாட் அடுத்ததில் கரைவது) இல்லை, ஃபேட் (திரை இருண்டு மறைவது) இல்லை, எல்லாமே நேர் கட். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக மூன்று நான்கு வெற்று ஷாட்டுகள். டோக்கியோவுக்குப் போகும்போது வரிசையைப் பாருங்கள்: புகைபோக்கிகள், பிறகு புறநகர், கிளினிக்கின் பெயர்ப்பலகை, அப்புறம்தான் வீட்டுக்குள். பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்குப் படிப்படியாக இறங்குகிறார். ஒவ்வொன்றும் சில வினாடிதான், ஒன்றும் வீணில்லை.

நம்மூர்க் குறும்படங்களில் இது கெட்டுப்போவது ஏனென்றால் தென்னை மரம் இருபது வினாடி, மேகம் இருபது வினாடி என்று "ஃபீலுக்காக" வைக்கிறார்கள். முன் காட்சிக்கோ பின் காட்சிக்கோ சொந்தமான ஒரு பொருள் அந்த ஷாட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்க்கிறவர் மணியைப் பார்ப்பார்.

மூன்றாவது, சாவு. அதைத் தனியாகப் பேச வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் வரட்டும்.

---

முதல்குறும்படம்

ஐயா, ஒரு சந்தேகம். தரையோடு தரையாக கேமரா வைப்பதுதான் ஒசு ஸ்டைல் என்கிறார்கள். என்ன உயரம், என்ன லென்ஸ்? ஒரு வயதான தம்பதியை வைத்து 20 நிமிடப் படம் யோசனையில் இருக்கிறது. ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராதான் கிடைக்கும்.

---

தரைமட்டம்

@முதல்குறும்படம் தம்பி, கணக்காகவே சொல்கிறேன்.

ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுடா. லென்ஸ் 50 மி.மீ. அன்றைய 35 மி.மீ. ஃபிலிமில் படம் விழும் அகலம் சுமார் 22 மி.மீ., விகிதம் 1.37க்கு 1. உங்கள் ஏபிஎஸ்-சி கேமராவின் 16:9 வீடியோவில் இரு பக்கமும் வெட்டி 1.37 ஆக்கினால் மிஞ்சும் அகலம் ஏறக்குறைய 18. அதனால் உங்களுக்கு 40 மி.மீ. பக்கம் ஒரு லென்ஸ் சரி. ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 60, 65 பக்கம் போக வேண்டும். ஹெச்.டி.யில் 1080 உயரத்துக்கு 1480 அகலம் வருகிறமாதிரி மானிட்டரில் கோடு போட்டுக்கொண்டு ஷூட் பண்ணுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று 16:9இல் ஃப்ரேம் வைத்தால் கதவு நிலை, தூண், சுவர் ஓரம் எல்லாம் தப்பான இடத்தில் நிற்கும்.

பிரச்சினை லென்ஸில் இல்லை, தூரத்தில். இந்தக் கோணத்தில் 2 மீட்டர் அகலம் ஃப்ரேமுக்குள் வர கேமரா நாலரை மீட்டர் பின்னால் போகணும். 3 மீட்டர் அகலம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 7 மீட்டர். பத்துக்குப் பத்து அறையில் நடக்காது. ஜப்பானிய வீட்டில் இழுகதவுகளைத் திறந்துவிட்டால் அடுத்தடுத்த அறைகள் ஒரே நேர்கோட்டில் தெரியும், போதாததற்கு ஒசு செட்டில் எடுத்தார். நீங்கள் செய்யக்கூடியது, ஒரு அறையில் நடப்பதை அடுத்த அறையிலிருந்து எடுப்பது. ரேழியிலிருந்து கூடத்தை எடுங்கள். அந்தக் கதவு நிலையே ஃப்ரேமுக்கு ஓரம் கட்டிவிடும். இடம் பத்தலை என்று 24 மி.மீ. மாட்டினால் சுவரெல்லாம் சாய்ந்து, கிட்டே இருக்கிறவர் பெரிசாகவும் பின்னால் இருக்கிறவர் சின்னதாகவும் தெரிவார்கள். ஒசுவின் அமைதியில் பாதி அங்கேயே போய்விடும்.

உயரம்: "இத்தனை அடி" என்று ஒரே எண் கிடையாது. படம் முழுக்க பொதுவாக இருப்பது, எடுக்கிற ஆளோ பொருளோ எவ்வளவு உயரமோ அதில் பாதிக்கும் கீழே கேமரா. தரையில் உட்கார்ந்தவர் உச்சந்தலை 85 செ.மீ. என்றால் லென்ஸ் 40 செ.மீ. அளவில். ஜப்பானிய வீட்டில் எல்லோரும் பாயில் உட்காருகிறார்கள், அதனால் அந்த உயரம் இயல்பு. உங்கள் கதையில் பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருபவர் என்றால் அதே 40இல் வைக்காதீர்கள், மூக்குத் துவாரம்தான் தெரியும். 60, 65க்கு ஏற்றுங்கள். கேமராவை மேல் நோக்கிச் சாய்க்கக்கூடாது, லென்ஸ் மட்டமாக இருக்கணும். ஒரு ரசமட்டம் கையில் இருந்தால் போதும்.

பார்வைக் கோடு இன்னொரு வம்பு. எதிரெதிரே உட்கார்ந்தவர்களை எடுக்கும்போது ஒசு 180 டிகிரி விதியை (பேசுகிற இருவருக்கும் இடையிலான கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்க வேண்டும் என்பது) பார்ப்பதில்லை. இரண்டு பேருமே ஒரே பக்கம் பார்க்கிறமாதிரி இருக்கும். ஆனாலும் நமக்கு இடறுவதில்லை. காரணம், இரண்டு ஷாட்டிலும் ஆள் அளவு ஒன்று, கண் விழும் உயரம் ஒன்று, பார்வை லென்ஸுக்கு ஒட்டிய பக்கத்தில். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசுகிறமாதிரி ஆகிவிடும்.

---

முதல்குறும்படம்

நன்றி அண்ணா. கேமரா நகரவே நகராதா?

---

தரைமட்டம்

அநேகமாக நகராது. அதனால்தான் டோக்கியோவின் உவெனோ பகுதியில் வரும் இடம் முக்கியம். ஷிகே வீட்டில் இரவு கூட்டம், பெற்றோருக்குத் தங்க இடமில்லை. அம்மா நொரிக்கோ வீட்டுக்கு, அப்பா பழைய நண்பரைத் தேடிப் போவது என்று முடிவாகிறது. பொழுது சாயும்வரை உவெனோவில் ஒரு சுவரோரம் காத்திருக்கிறார்கள். அங்கே கேமரா அந்தச் சுவரை ஒட்டி மெள்ள நகர்ந்துபோய்த்தான் அவர்களைக் கண்டுபிடிக்கிறது. உட்கார ஒரு வீடு இருக்கும்வரை அசையாமல் இருந்த கேமரா, அவர்களுக்கு இடமில்லாமல் போன நேரத்தில் நகர்கிறது.

---

இரவுப்பணி

@பத்துவினாடி விட்ட இடத்திலிருந்து, நோயின் பக்கம்.

தோமியின் சாவை "திடீர்" என்று எழுதுகிறார்கள். திடீர் இல்லை. மருத்துவக் குறிப்புபோல வரிசையாக வைத்திருக்கிறார்கள், கண்ணில் படாத இடங்களில்.

முதல் குறிப்பு ஒரு வீட்டுப் பேச்சு. அம்மா பருமன், சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது நாற்காலியே உடைந்தது, எனக்கு வெட்கமாகப் போச்சு என்று ஷிகே சொல்கிறாள். எல்லோரும் கடந்துபோகிறார்கள். நமக்குப் பதிய வேண்டியது அறுபத்தெட்டு வயது, உடல் பருமன். இரண்டாவது அதாமி, பிள்ளைகள் காசு போட்டு அவர்களை அனுப்பிவைக்கும் கடலோர வெந்நீரூற்று ஊர். மலிவான விடுதி, ராத்திரி முழுக்கப் பாட்டும் மாஜோங் ஆட்டமும், தூக்கமே இல்லை. காலையில் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்போது தோமிக்குத் தலை சுற்றித் தடுமாறுகிறாள். தூங்காததால்தான் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றாவது, திரும்பும் ரயிலில் முடியாமல் போய் ஒசாகாவில் இறங்குவது. நான்காவது, ஊர் வந்ததும் மயக்கநிலை. உயர் ரத்த அழுத்தம், பிறகு மூளைப் பக்கவாதம் என்று படிக்க எல்லாம் பொருந்துகிறது.

1953இல் ஜப்பானியப் பார்வையாளருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 1951இல் காசநோயைத் தாண்டி மூளைப் பக்கவாதம்தான் அந்த நாட்டின் முதல் சாவுக் காரணமாகியிருந்தது. 1980 வரை அப்படியே இருந்தது. சி.டி. ஸ்கேன் 1970களில் வந்தது. அன்று வீட்டில் செய்யக்கூடியது தலையில் ஐஸ் பை, அசைக்காமல் படுக்கவைப்பது, காத்திருப்பது. படத்தில் அதுதான் இருக்கிறது.

இன்னொன்று, 1951 வாக்கில் ஜப்பானில் எண்பது விழுக்காட்டுக்கும் மேலான சாவுகள் வீட்டில்தான். 1970களின் நடுவில்தான் மருத்துவமனைச் சாவுகள் வீட்டுச் சாவுகளை முந்தின. ஆகவே படுக்கையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அன்றைய வழக்கமே.

இனி அந்தக் காட்சி. மகன்தான் டாக்டர். அவன் அப்பாவையும் ஷிகேயையும் அடுத்த அறைக்குக் கூப்பிட்டு, நாளைக் காலைவரை தாங்கினாலே பெரிசு என்கிற மாதிரி சொல்கிறான். ஷிகே அழுகிறாள். கிழவர், "அப்படியா... அப்போ முடியாதா" என்கிற தொனியில் அதையே திரும்பச் சொல்கிறார், அவ்வளவுதான். கெட்ட செய்தி கேட்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். அந்தச் செய்தி உள்ளே இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். கிழவராக நடித்த சிஷு ரியூ அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

அடுத்து, விடியற்காலை ஒனோமிச்சி. ஆளில்லாத படகுத்துறை, தெரு, தண்டவாளம். மறுபடி வீடு: தோமி முகத்தில் வெள்ளைத் துணி.

@முதல்குறும்படம் உங்களுக்காக: மரணக் காட்சி எடுக்கவே வேண்டுமென்றால் "தலை சட்டென்று சாய்வது" வேண்டாம். மயக்கநிலையில் கடைசி மணிநேரங்களில் பலருக்கு மூச்சு ஏறி ஏறி, பிறகு குறைந்து, பத்து இருபது வினாடி நின்று, மறுபடி தொடங்கும். வாய் திறந்திருக்கும், உதடு காயும். கண் முழுசாக மூடாமல் பாதி திறந்தே இருக்கும். கைகால் நுனி குளிரும், முழங்காலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். எந்த மூச்சு கடைசி மூச்சு என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் தெரியாது, அடுத்தது வரவில்லை என்பதால்தான் தெரிகிறது. இதை நடிகரை வைத்து எடுப்பது மிகக் கடினம், க்ளோசப்பில் இமை துடிப்பது காட்டிக்கொடுத்துவிடும். ஒசு வெட்டிவிட்டதில் கலை மட்டும் இல்லை, புத்தியும் இருக்கிறது.

---

கடைசிரீல்

@இரவுப்பணி அந்த நாற்காலிப் பேச்சை நோய்க்குறிப்பாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இனி அந்த இடத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியாது. நன்றி.

---

நெய்தல்

எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. படம் நொரிக்கோவைத் தெய்வமாக்கி, ஷிகேயைக் கல்நெஞ்சக்காரி ஆக்குகிறது. பெற்ற பிள்ளை பாராமுகம், மருமகள் பாசம் என்பது எளிய கணக்கு. நம் பழைய குடும்பப் படங்களிலிருந்து அந்த ஒரு விஷயத்தில் இது எங்கே வேறுபடுகிறது?

---

அடிவரி

@நெய்தல் நொரிக்கோ பேச்சைக் கடைசிவரை கேளுங்கள். தோமி போன பிறகு கிழவர் அவளைப் புகழும்போது அவள் மறுக்கிறாள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை, செத்துப்போன கணவரை நினைக்காமலே நாட்கள் போகின்றன, ஏதோ ஒன்று நடக்காதா என்று உள்ளுக்குள் காத்திருக்கிறேன், இதையெல்லாம் அத்தையிடம் சொல்ல முடியவில்லை என்கிறாள். தெய்வம் இப்படிப் பேசாது. கிழவர் அதைக் கேட்டு, மறந்துவிடுவதுதான் நல்லது, கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்லி தோமியின் கடிகாரத்தைக் கொடுக்கிறார். மாமியாரின் கடிகாரம் மருமகளுக்கு. இனி ஓடப்போவது உன் நேரம் என்று அதற்குமேல் வாயால் சொல்லத் தேவையில்லை.

ஷிகேயைப் பற்றியும் சொல்லணும். கணவர் வாங்கிவந்த நல்ல பலகாரத்தை, இவர்களுக்கு எதுக்கு இவ்வளவு விலையில் என்கிறாள். வாடிக்கையாளரிடம் பெற்றோரை ஊர்க்காரர்கள் என்று சொல்கிறாள். எல்லாம் உண்மை. ஆனால் அம்மா போனதும் முதலில் உடைந்து அழுவதும் அவள்தான். அழுது ஓய்ந்ததும், அம்மாவின் ஓபியும் (கிமோனோ இடுப்புப் பட்டை) கோடைக் கிமோனோவும் எனக்கு வேணும் என்று கேட்பதும் அவள்தான். இரண்டுமே நிஜம். அழுகையைப் பொய் என்று நினைத்தால்தான் அவள் கல்நெஞ்சக்காரி. ஷிகேயாக வரும் ஹருகோ சுகிமுரா அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளிகூட விடாமல் நடித்திருக்கிறார். துக்க உடை காட்சியும் அப்படித்தான். தந்தி வந்ததும், கறுப்பு உடை எடுத்துக்கொள்ளலாமா என்று அண்ணனைக் கேட்கிறாள். முன்யோசனை, காரியக்காரி. நொரிக்கோ எடுத்துவரவில்லை.

---

ஷோவா28

@நெய்தல் கேட்டதற்கு வரலாற்றுப் பக்கமும் ஒன்று உண்டு. 1898ஆம் ஆண்டுச் சிவில் சட்டப்படி ஜப்பானில் குடும்பம் என்பது ஒரு சட்ட அமைப்பு. அதன் தலைமை வழக்கமாக மூத்த மகனுக்கு, சொத்தும் அவனுக்கு, பெற்றோரை வைத்துக் காப்பாற்றும் கடமையும் அவனுக்கு. போருக்குப் பின் 1947இல் திருத்திய சட்டம் அந்த அமைப்பையே எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சம பங்கு. படம் வந்தது 1953 நவம்பரில். ஆறே வருஷம். கொய்ச்சி மூத்த மகன், வேறு ஊரில் குடும்பம், கிளினிக். பெற்றோரிடம் அவனுக்கு இன்னும் எது கடமை, எது விருப்பம் என்று படத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. கெட்டவர்கள் என்று யாரும் இல்லாமலே இவ்வளவு வலி வருவது அதனால்தான்.

நண்பர்களோடு குடிக்கும் இரவையும் பாருங்கள். நண்பர் நுமாதா தன் மகன் பெரிய ஆள் ஆகவில்லை என்று புலம்புகிறார். ஷுகிச்சி தானும் டோக்கியோ வரும்வரை மகன் இன்னும் பெரிய நிலையில் இருப்பான் என்று நினைத்ததை ஒப்புக்கொள்கிறார். பெற்றோருக்கும் பிள்ளைகள்மேல் ஏமாற்றம் இருக்கிறது. அது ஒருபக்கத் தராசு இல்லை.

திரைக்கதையை ஒசுவோடு சேர்ந்து எழுதியவர் கோகோ நோதா. இருவரும் சிகசாக்கியில் ஒரு விடுதியில் உட்கார்ந்து எழுதுவார்கள். லியோ மெக்கேரியின் 1937 அமெரிக்கப் படம் ஒன்று, வீடிழந்த வயதான தம்பதியைப் பிள்ளைகள் பிரித்து வைத்துக்கொள்ளும் கதை, நோதாவின் நினைவில் இருந்தது.

---

நெய்தல்

@அடிவரி ஏற்கிறேன், ஷிகே விஷயத்தில். நொரிக்கோ பற்றி முழுசாக இல்லை. பக்கத்து வீட்டில் மதுவும் கிண்ணமும் கடன் வாங்கி மாமனாரை உபசரிப்பது, லீவு போட்டு பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டுவது, காசு கவரில் வைத்துக் கொடுப்பது என்று முதல் இரண்டு மணிநேரம் ஒரு சின்ன அலுப்புகூட அவள் முகத்தில் இல்லை. கடைசியில் சொல்லும் ஒப்புதல் அதனால் எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் படுகிறது.

---

பத்துவினாடி

@நெய்தல் அந்தச் சிரிப்பையே திரும்பப் பாருங்கள். நொரிக்கோவாக வரும் செத்சுகோ ஹாரா பதில் சொல்லும் முன்பே சிரித்துவிடுவார். தோமி இறந்துபோன மகனின் படுக்கையில் படுத்துக்கொண்டு, நீ வேறு கல்யாணம் பண்ணிக்கோம்மா என்று சொல்லும் இரவில், விளக்கணைத்த பிறகு மட்டும் அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. ஒரே ஷாட்.

---

அடிவரி

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் ஒன்று. பெற்றோரும் கியோக்கோவும் பேசுவது ஒனோமிச்சிப் பக்கத்துப் பேச்சு. டோக்கியோப் பிள்ளைகள் டோக்கியோப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். ஆங்கில வரிகளில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். தமிழில் வரி போட நினைப்பவர்கள் பெற்றோருக்கு நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ கொடுக்கலாமா என்று கேட்பதுண்டு. என் கருத்து, முழுசாகக் கொடுக்கக்கூடாது, பார்க்கிறவர் திருநெல்வேலிக்குப் போய்விடுவார். "ஆமாங்க", "சரிதான்", "அப்படியா" மாதிரி மெதுவாக முடியும் சொற்களைப் பெற்றோருக்கும், துண்டு துண்டாக முடியும் வாக்கியங்களை ஷிகேவுக்கும் கொடுத்தால் பாதி வேலை நடந்துவிடும். ஒரு வரிக்கு இரண்டு வினாடிக்குக் குறையாமல் விடுங்கள். பேச்சு முடிந்ததும் வரியை எடுத்துவிடுங்கள், அந்த மூச்சில் எழுத்து நிற்கக்கூடாது.

---

தரைமட்டம்

பார்க்க எந்தப் பிரதி என்று சிலர் கேட்டார்கள். மூல நெகடிவ் படம் வந்த கொஞ்ச காலத்திலேயே தீ விபத்தில் போய்விட்டது. இன்று இருப்பதெல்லாம் பிரதிகளிலிருந்து மீட்டெடுத்தவை. ஷோச்சிக்கு நிறுவனம் 2017இல் 4கேயில் மீட்டது கிடைத்தால் அதையே பாருங்கள். பழைய டிவிடிகளில் வெயில் வெளுத்துப்போய் இருக்கும். இது கோடைக்காலப் படம், எல்லோர் கையிலும் விசிறி. வெளுத்த பிரதியில் அந்த வெக்கை தெரியாது.

டிவியில் இரண்டு காரியம். மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழவழப்பாக்கும் டிவி அமைப்பு) நிறுத்துங்கள். படத்தைத் திரை முழுக்க இழுக்காதீர்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். இழுத்தால் ஆட்கள் பருத்து, மேலும் கீழும் வெட்டினால் பாயும் விட்டமும் போய்விடும்.

---

சில்வண்டு

ஒலி பற்றி யாரும் பேசாததால்.

இசை தகனோபு சைதோ, அவருக்கு இது ஒசுவோடு முதல் படம். இசை கொஞ்சம்தான், பெரும்பாலும் காட்சிகளுக்கு நடுவே. மீதியெல்லாம் ஊர்ச் சத்தம். ஒனோமிச்சி என்றால் சின்னப் படகு எஞ்சினின் பொட்டு பொட்டு சத்தம், ரயில், பூச்சிகளின் ரீங்காரம். மாமியார் கவலைக்கிடம் என்ற செய்தி கேட்டதும் நொரிக்கோ அலுவலகத்தில் தன் மேசைக்குத் திரும்பி நிற்கிறாள். அங்கே இசை வரவில்லை, அலுவலகச் சத்தம் அப்படியே ஓடுகிறது. சத்தத்தை நிறுத்தி அமைதி காட்டுவதைவிட இது கொடுமையாக இருக்கிறது.

ஈமச் சடங்கில் துறவி தட்டும் மரமணியின் சத்தம். கெய்சோ எழுந்து வெளியே போய்விடுகிறான். அந்தச் சத்தத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போகிறமாதிரி இருக்கிறது என்கிறான். அவன் வெளியே உட்கார்ந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை, தூரத்தில் கேட்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே சத்தம், அளவு மட்டும் வேறு.

@முதல்குறும்படம் ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு இரண்டு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறி ஓடியும் ஒருமுறை, நிறுத்தியும் ஒருமுறை. காலை, மதியம், ராத்திரி வேறு வேறு. எடிட்டில் வசனத்துக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் கடுமையாகப் போட்டால் அந்த மூச்சு இடைவெளிகள் செத்துப்போன மௌனமாகிவிடும், பார்க்கிறவர் ஒலி போய்விட்டதென்று ரிமோட்டைத் தேடுவார். நிதானமான படம் எடுக்கிற முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான். ஷாட் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதற்குள் கேட்கும் சத்தம்.

---

முதல்குறும்படம்

குறித்துக்கொண்டேன். இன்னொரு கேள்வி. ரியூவுக்கு அப்போது வயது 49தான் என்று படித்தேன். இளைய நடிகரை எழுபதாகக் காட்ட என்ன செய்தார்கள்?

---

கடைசிரீல்

ஆமாம், 1904இல் பிறந்தவர். மூத்த மகனாக வரும் சோ யமமுரா 1910. மனைவியாக வரும் சியெகோ ஹிகஷியாமா 1890, அதாவது கணவராக நடித்தவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். திரையில் யாருக்கும் உறுத்தவில்லை. மேக்கப் அதிகம் கண்ணில் படாது. கவனிக்க வேண்டியது உடம்பு: முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும், திரும்பும்போது கழுத்து மட்டும் திரும்பாது, தோளோடு சேர்ந்து திரும்புவார். பதில் சொல்லும் முன் ஒரு "ம்ம்", ஒரு தலையசைப்பு. கைகள் விசிறியைத் தவிர வேறு எதையும் அவசரமாகத் தொடாது. நடுங்கும் குரல், நடுங்கும் கை இரண்டும் இல்லை. இளையவர் கிழவராக நடிக்கும்போது முதலில் சேர்ப்பது அந்த நடுக்கத்தைத்தான், அதைத்தான் இவர் விட்டார்.

---

இரவுப்பணி

மனைவி இறந்த காலையில் ஷுகிச்சி எங்கே போனார் என்பதையும் சொல்லிவிடலாம். எல்லோரும் உடலைச் சுற்றி இருக்கிறார்கள், கிழவரைக் காணோம். நொரிக்கோ தேடிப் போகிறாள். மேட்டில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். பிறகு அவளோடு திரும்பி நடக்கிறார். துக்கம் உறைக்காத முதல் மணிநேரத்தில் மனிதர்கள் வானிலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர் அதைப் பார்த்தார் என்பதும் உண்மை, அது நிஜமாகவே நல்ல விடியல்.

---

நெய்தல்

அதற்குப் பிறகும் படம் இருபது நிமிடத்துக்குமேல் ஓடுகிறதே, அது நீளம் என்று யாருக்கும் தோன்றவில்லையா?

---

கடைசிரீல்

@நெய்தல் எனக்குத் தோன்றியதில்லை. சாவுக்குப் பின் நடப்பதுதான் இந்தப் படம் என்று நினைக்கிறேன். சாப்பாடு, உடைகளைப் பங்கிடுவது, டோக்கியோப் பிள்ளைகள் அன்றே ரயில் பிடிப்பது, கியோக்கோவின் கோபம், நொரிக்கோ அதைத் தணிப்பது, கடிகாரம். அந்த நேரம் இல்லையென்றால் தோமி போனது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியை முதல் காட்சியோடு ஒட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டை கட்டுகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பெண் வந்து, பிள்ளைகள் எல்லாம் நல்லா இருக்காங்க, கொடுத்துவெச்சவங்க என்கிறமாதிரி பேசிவிட்டுப் போகிறாள். முடிவில் அதே ஜன்னல், அதே பெண், அதே வெளிச்சம். இனிமேல் தனிமையாக இருக்குமே என்கிறாள். இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால் உயிரோடு இருக்கும்போதே இன்னும் அன்பாக இருந்திருப்பேன், தனியாக இருந்தால் பொழுது ரொம்ப நீளமாகத் தெரிகிறது என்று ஷுகிச்சி சொல்கிறார். அவள் போய்விடுகிறாள். அவர் விசிறிக்கொள்கிறார். பக்கத்தில் தோமி உட்கார்ந்திருந்த இடத்தில் பாய் மட்டும்.

@முதல்குறும்படம் ஒரு வேலை செய்யுங்கள். அந்த இரண்டு காட்சிகளிலிருந்தும் ஒவ்வொரு ஃப்ரேமை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எந்தெந்தப் பொருள் நகர்ந்திருக்கிறது என்று எழுதிப்போடுங்கள். நாளைக்கு அதிலிருந்து தொடரலாம்.

---

சில்வண்டு

இரண்டையும் ஒலியோடும் ஒருமுறை கேட்டுவிடுங்கள் தம்பி. தொடக்கத்திலும் படகு எஞ்சின்தான், முடிவிலும் அதுதான்.